மேசையின் இருபுறம்

கோபாலபுரத்து வீட்டைப் பங்கு பிரித்த நாள்முதல், அண்ணன் தம்பியாகிய நாங்கள் ஐந்தாண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. மூத்தவரின் மகள்தான் பிடிவாதமாக இருவரையும் அதே தெருவில் மேசைப்பந்து பழகச் சேர்த்துவிட்டாள்.

2006இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற சென்னைக்காரர் சரத் கமலைத் தொலைக்காட்சியில் பார்த்து, வேகமே ஆட்டம் என்றிருந்தோம். பயிற்சியாளரோ முழங்காலை மடித்து, மட்டையைச் சற்று முன்சாய்த்து, இடுப்பருகிலிருந்து நெற்றிவரை வெறுங்காற்றில் வீச வைத்தார். பிறகுதான் 2.7 கிராம் பந்து வந்தது. ஓங்கி அடித்தோம், சுவரில் மோதியது.

“வெல்ல வேண்டாம். எதிரிலிருப்பவர் திருப்பியனுப்ப வாகாகப் போடுங்கள், சேர்ந்து எண்ணுங்கள்” என்றார்.

எண்ணினோம். 17 வரை வந்தோம்; பந்து வலையில் சிக்கியது.

“தப்பு என்னோடது” என்றோம், இருவரும் ஒருசேர.

எண்களுக்குப் பிறகு எங்களுக்குள் வந்த முதல் பேச்சு அதுதான்.