ஈயமணிகள்

தாராவியில் பெல்ட் பக்கிள் வார்க்கும் பட்டறையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர் அவர். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை, வீடு செம்பூரில். மகள் மாட்டுங்காவில் வேதியியல் படித்தாள். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த நாள்களில் துப்பாக்கி சுடுதல் அவளைப் பற்றிக்கொண்டது. மும்பைக்கு இவ்வழி புதிதன்று. அஞ்சலி பாகவத்தும் என்.சி.சி. வழியாகவே இவ்விளையாட்டுக்கு வந்து, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றை எட்டியவர்.

அவள் சுட்டது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. கிளப்பின் துப்பாக்கியை இரவல் பெறலாம். குண்டுகளை அவ்வாறு பெற இயலாது. போட்டித் தரமுடைய 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டுகள் ஜெர்மனியிலிருந்து வருபவை. டப்பாவுக்கு ஐந்நூறு. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே அளவு. ஆயினும் ஒரு தொகுதி அக்குழலுக்குப் பொருந்தும், அடுத்தது பொருந்தாது. பொருந்திய தொகுதி தீரத் தொடங்கியபோது அவளுடைய கவலை வீட்டுக்குள்ளும் வந்தது. தந்தை டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விரலிடையே உருட்டிப் பார்த்தார்.

“ஈயந்தானம்மா? இதுக்குப் போயா சீமைக்குக் காசு அனுப்புதாக? நானே வார்த்துத் தாரேன்.”

அன்று முதல் அவ்வீட்டில் ‘குண்டு’ என்ற சொல் மறைந்தது. 1992–93 கலவர நாள்களையும், அதன் பின்வந்த மார்ச் மாதத்து வெடிப்புகளையும் கண்டவர் அவர். தமிழில் வெடிப்பதற்கும் அதுவே பெயர், பாய்வதற்கும் அதுவே பெயர் என்பது அவரை உறுத்தியது. பட்டறையில் யாரேனும் கேட்டால் ‘மணி’ என்றார். மகள் தன் பங்குக்குச் சட்டத்தைப் படித்தாள். உரிமமின்றி வெடிபொருள் தோட்டா செய்வதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுக்கிறது. அமெரிக்காவில் இலக்குச் சுடுவோர் சிலர் தம் வீட்டு மேசையிலேயே ஈயக் கம்பியையும் செப்பு உறையையும் அழுத்தித் தம் குண்டுகளைத் தாமே செய்துகொள்கின்றனர். உரிமமின்றி இங்கே அந்த வாயில் திறவாது. காற்றுத் துப்பாக்கியின் நிலை வேறு. 20 ஜூலுக்கு மிகாத 4.5 மில்லிமீட்டர் வகைக்கு உரிமம் தேவையில்லை. அதன் ஈயமணி வெடிமருந்தை அறியாதது. அப்பாவின் ஆசையில் குற்றமில்லை என்று அவள் தெளிந்தாள்.

இரண்டு பாதியாகப் பிரியும் பித்தளை அச்சு ஒன்றை அவர் கடைந்தார். இருபது மணிகள் வார்த்தார். கண்ணுக்குக் குறையேதும் தெரியவில்லை. கல்லூரித் தராசு வேறு சொன்னது. சீமை மணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 530 மில்லிகிராம். தம்முள் வேறுபாடு சில மில்லிகிராம். அப்பாவின் மணிகளிலோ வேறுபாடு இருபதைத் தாண்டியது. பழைய துப்பாக்கியொன்றில் இட்டுச் சுட்டபோது துளைகள் ஐந்து ரூபாய் நாணயத்தின் பரப்புக்குச் சிதறின. போட்டி அட்டையில் பத்தின் புள்ளி அரை மில்லிமீட்டர். தசமக் கணக்கில் ஒரு பத்தின் பத்தில் ஒரு பங்கை இழக்கக் கால் மில்லிமீட்டர் விலகல் போதும்.

கைத்திறனில் பிழை இல்லை, முறையே வேறு. ஆலையில் அம்மணி வார்க்கப்படுவதன்று. குளிர்ந்த ஈயத்தை அச்சில் அழுத்தி உருவாக்குவது. இடை சிறுத்து, அடி குடைந்து, பாவாடைபோல் மெல்லிய விளிம்பு கொண்டது. பின்னிருந்து காற்று உந்துகையில் அவ்விளிம்பு விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். உருக்கி வார்த்த ஈயத்திலோ குளிரும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழ் தங்கிவிடும். எடை மையம் நடுவிலிருந்து நகர்ந்த மணி சுழலும்போது தள்ளாடும்.

சுழற்சியின் இந்த இரகசியத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பெஞ்சமின் ராபின்ஸ். உருண்டைக் குண்டு நேர்க்கோட்டை விட்டு விலகுவதற்கு அதன் தாறுமாறான சுழற்சியே காரணம் என்றும், குழலுக்குள் திருகு வரி வெட்டினால் அச்சுழற்சி பயணத் திசையோடு இணங்கும் என்றும் அவர் விளக்கினார். 1742இல் அவர் வெளியிட்ட நூலை 1745இல் ஆய்லர் விரிவுரையுடன் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். அந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன்தான் இன்று அதே சுழற்சியை நம்பி உலகக் கோப்பைகளில் சுடுபவர். மகள் இதைச் சொன்னபோது தந்தை கோட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தப் பிள்ளையும் வெளியூர்த் தமிழ்ப்பிள்ளைதானா?” என்று மட்டும் கேட்டார்.

பித்தளை அச்சு பரணுக்குப் போனது. பிறகு சில நாள் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முப்பது ஆண்டு உலையருகே நின்ற கைக்கு, தன் பிள்ளைக்கு வேண்டிய பொருளைச் செய்து தரத் தெரியவில்லை என்பது எளிதில் செரிக்கும் செய்தியன்று. ஒரு மாலை, மில்லிகிராம் காட்டும் சிறு தராசொன்றைப் பழைய விலைக்கு வாங்கி வந்தார். புதிய தொகுதி டப்பாவைத் திறந்து, மணிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரிக்கத் தொடங்கினார். சமமான கண்ணாடிமேல் உருட்டி, வட்டம் கோணலாகப் போனதை ஒதுக்கினார். விளிம்பு நசுங்கியதை விரல்நுனியாலேயே அறிந்தார். அதற்குத் தராசு தேவைப்படவில்லை. ஒரு டப்பாவுக்கு மூன்று இரவுகள். ஒவ்வொரு முறையும் எழுந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவும்படி மகள் கட்டளையிட்டிருந்தாள்; ஈயம் உடலுக்குள் போனால் எளிதில் வெளியேறாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

மாநில அளவிலான தேர்வுப் போட்டிக்கு அவர் பிரித்த மணிகளில் முதல் தரத்தவை மட்டும் சென்றன. அறுபது சுடுதல்கள். 0.6 புள்ளியில் அவள் தகுதியை இழந்தாள்.

இரவு, சோற்றைப் பிசைந்தபடியே அவர் கேட்டார்: “மணியில ஏதும் கோளாறாம்மா?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். தோற்றவர்க்கு அது எளிய புகலிடம். முந்தைய தோல்விகளில் அவளே அதைச் சொல்லியிருந்தாள்: தொகுதி சரியில்லை, டப்பா பழையது. இம்முறை அந்த ஐந்நூறையும் ஒருவர் மூன்று இரவுகள் கண்விழித்துப் பார்த்திருந்தார். எஞ்சியது அவளுடைய மூச்சும் தோளும் விரலும் மட்டுமே.

“இல்லப்பா. நாற்பதுக்கு மேல கை நடுங்கிருச்சு.”

அவர் தலையசைத்தார். கைகழுவி வந்து, தராசை மேசைமேல் எடுத்து வைத்து, அடுத்த டப்பாவைத் திறந்தார்.