உம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

கடந்த வருடம் நோன்புக்கு இரண்டு மாதங்கள் இருந்தன. கிணற்றடியில் தண்ணீர் வாளியைத் தூக்கிய உம்மா, "யா அல்லாஹ்!" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வாய்வுப் பிடிப்பாக்கும்" என்று உம்மம்மா எண்ணெய் பூசிவிட்டார். ஒரு கிழமை கடந்தும் நோ குறையவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டில் ஓர் என்பு நசிந்திருந்தது. உம்மாவுக்கு அப்போது வயது 43.

என்பு அடர்த்தியை அளக்கக் கொழும்புக்குப் போனோம். இரவு பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்தெழும்போது உம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரது வயதில் இருக்க வேண்டிய அளவைவிட அடர்த்தி மிகக் குறைவு என்று அறிக்கை சொன்னது. 'ஒஸ்டியோபொரோசிஸ்' என்றார் வைத்தியர். என்பு உள்ளே பஞ்சுபோல் பொள்ளலாகிவிடும் நோய். அது வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

"என்ன மருந்து பாவிக்கிறீங்க?" என்று வைத்தியர் கேட்டார். உம்மா பேர்ஸிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பழைய மருந்துத் துண்டை எடுத்தார். பிரெட்னிசலோன். தொய்வு கடுமையானபோது சில நாட்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது. குடித்தால் இழுப்பு உடனே தணியும் என்பதால், அதே துண்டைக் காட்டி வருடக் கணக்கில் வாங்கிக் குடித்திருக்கிறார். இந்த ஸ்டீரொயிட் மருந்தை மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து குடித்தாலே என்பு பலவீனமாகலாம் என்று வைத்தியர் விளக்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டியூஷன் விட்டு வரும் வழியில் பாமசியில் அதை வாங்கி வந்தது பெரும்பாலும் நான்தான்.

அந்தக் குளிசையையும் திடீரென நிறுத்தக் கூடாதாம். படிப்படியாகக் குறைத்து, பதிலுக்கு உறிஞ்சும் மருந்தைத் தந்தார்கள்.

அடுத்து, என்புக்கு எந்தச் சிகிச்சை என்ற கேள்வி. வைத்தியர் மூன்று வழிகளைச் சொன்னார். கிழமைக்கு ஒரு அலென்ட்ரொனேட் குளிசை. வருடத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றும் சொலெட்ரொனிக் அசிட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்குக் கீழ் போடும் டெனோசுமாப் ஊசி. ஆறு மாத ஊசிதான் லேசு என்று நான் சொன்னேன். உம்மா மெதுவாகக் கேட்டார்: "ஒரு ஊசி பிந்தினா என்ன நடக்கும், டொக்டர்?"

அந்த ஊசியை நிறுத்தினாலோ நீண்ட நாள் பிந்தவிட்டாலோ, கூடிய அடர்த்தி வேகமாகக் குறைந்து முள்ளந்தண்டு என்புகள் முறியலாம் என்றார் அவர். குளிசை அப்படியல்ல. அது என்பிலேயே தங்கி நின்று, விட்ட பிறகும் கொஞ்சக் காலம் வேலை செய்யும்.

"2022இல மருந்துக்கு நாம பட்ட பாடு மறந்து போச்சா மகள்? கைக்கு எட்டுறதத்தான் தொடங்கணும்" என்றார் உம்மா. நான் இன்றைய வசதியைப் பார்த்தேன். உம்மா அடுத்த பத்து வருடத்தை யோசித்தார்.

தாடை என்பு பாதிக்கப்படுவதும், தொடை என்பு வழமைக்கு மாறாக முறிவதும் நீண்ட காலப் பாவனையில் அரிதாக நடக்கலாம் என்பதையும் வைத்தியர் மறைக்கவில்லை. முதலில் பல்லைக் காட்டச் சொன்னார். ஐந்து வருடம் கழித்து, தொடர்வதா இடைவெளி விடுவதா என்று திரும்பவும் பார்க்க வேண்டுமாம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சுபஹுக்கு எழும்பியதும் உம்மா வெறுவயிற்றில் ஒரு கிளாஸ் வெறுந்தண்ணீரோடு குளிசையை விழுங்குவார். பிறகு அரை மணித்தியாலம் சாயவோ எதையும் சாப்பிடவோ கூடாது. சாய்ந்தால் மருந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கும். தேநீர்கூட இல்லை. நோன்பு வந்தபோது அன்று மட்டும் ஸஹருக்கு முன்கூட்டியே எழும்பினோம். அந்த அரை மணித்தியாலம் நான் உம்மாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் வேலை வேலை என்று ஓடிய உம்மாவோடு அப்படிப் பேசியதே இல்லை.

தண்ணீர் வாளி இப்போது வாப்பாவினதும் தம்பியினதும் பொறுப்பு. சுவரைப் பிடித்தபடி வைத்தியசாலையில் காட்டிக் கொடுத்த பயிற்சிகளை உம்மா செய்கிறார். கறிச்சட்டியில் நெத்தலியும் முருங்கையிலையும் அடிக்கடி வருகின்றன.

தோழிகளே, நம் என்புகளின் பலத்தில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. நாம் இப்போது சேர்ப்பதைத்தான் பிறகு செலவழிக்கப் போகிறோம். மெலிய வேண்டுமென்று பாலையும் மீனையும் ஒதுக்காதீர்கள். வீட்டு முற்றத்து வெயிலில் கொஞ்சம் நடவுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவின் பேர்ஸைத் திறந்து பாருங்கள். பழைய மருந்துத் துண்டு ஏதும் இருந்தால், பாமசிக்கு அல்ல, வைத்தியரிடம் கொண்டு போங்கள்.