தந்தியின் பின்பக்கம்

மிசோரி மாநிலத்தில் கன்சாஸ் நகரத்தை ஒட்டியிருக்கும் ஊர் இன்டிபென்டன்ஸ். அமெரிக்காவின் 33-ஆவது அதிபர் ஹாரி ட்ரூமன் வளர்ந்ததும், பதவி முடிந்து திரும்பி வந்து வாழ்ந்ததும் இங்கேதான். அவருடைய கல்லறையும் மனைவி பெஸ்ஸின் கல்லறையும் ட்ரூமன் நூலகத்தின் உள்முற்றத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. 1957 ஜூலையில் திறந்த இந்த நூலகத்தை இப்போது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் நடத்துகிறது. நூலகம் என்று பெயர் இருந்தாலும் இங்கே இருப்பவை பெரும்பாலும் காகிதங்கள்: கடிதங்கள், தந்திகள், குறிப்புகள், வரைவுகள்.

நுழைந்ததும் தாமஸ் ஹார்ட் பென்டன் வரைந்த பெரிய சுவரோவியம் கண்ணை நிறைக்கிறது. அதைத் தாண்டி அருங்காட்சியகம், வெள்ளை மாளிகையில் அதிபர் அமரும் முட்டை வடிவ அறையின் மாதிரி. வருகிறவர்களில் பலர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நான் ஆய்வறைக்குப் போனேன்.

அங்கே நுழைய முனைவர் பட்டமெல்லாம் தேவையில்லை. அடையாளச் சான்றைக் காட்டி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் ஆய்வாளர் அட்டை தருகிறார்கள். பையை வெளியே பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். சாம்பல் நிற அட்டைப் பெட்டிகள் தள்ளுவண்டியில் வருகின்றன. ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரே ஒரு கோப்பு. எடுத்த இடத்தில் அடையாள அட்டை செருகி வைக்க வேண்டும், தாள்களின் வரிசை மாறவே கூடாது. இந்தக் கடைசி விதிக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பது கோப்புகளைப் புரட்டப் புரட்டத்தான் விளங்கியது.

ட்ரூமனைப் பற்றிப் படிக்க வருகிறவர்கள் அநேகமாகக் கேட்கும் கேள்விதான் என்னுடையதும்: அணுகுண்டு போடச் சொல்லி அவர் கையெழுத்திட்ட உத்தரவு எங்கே? அப்படி ஒரு தாள் இல்லை. இருப்பது 1945 ஜூலை 25 தேதியிட்ட ராணுவ உத்தரவு. அதில் கையெழுத்திட்டவர் தளபதி தாமஸ் ஹாண்டி, பெற்றவர் விமானப்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸ். ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி என்று நான்கு நகரங்களின் பெயர்கள் அதில் உள்ளன. ஆகஸ்ட் 3 வாக்கில் தொடங்கி, வானிலை இடம் கொடுத்தவுடன் முதல் குண்டைப் போடலாம். அடுத்தடுத்த குண்டுகள் தயாராகத் தயாராகப் போட்டுக்கொண்டே போகலாம். இரண்டாவது குண்டுக்கு அதிபரிடம் மறுபடி கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ட்ரூமனின் சொந்தக் கையெழுத்தில் இருப்பது வேறொரு தாள். அப்போது அவர் ஜெர்மனியின் போட்ஸ்டாமில், பிரிட்டிஷ், சோவியத் தலைவர்களோடு நடந்த மாநாட்டுக்காகத் தங்கியிருந்தார். குண்டு விழுந்தபின் அதிபர் பெயரில் வெளியிட வேண்டிய அறிக்கைக்கு ஒப்புதல் கேட்டு, போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் ஜூலை 30 அன்று தந்தி அனுப்பினார். இளஞ்சிவப்புத் தாளில் வந்த அந்தத் தந்தியின் பின்பக்கத்திலேயே ட்ரூமன் பென்சிலால் பதில் எழுதினார்: யோசனைக்கு ஒப்புதல், தயாரானதும் வெளியிடலாம், ஆகஸ்ட் 2-க்கு முன்னால் வேண்டாம். கீழே தன் பெயரின் மூன்று முதலெழுத்துகள். அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எல்சி பத்திரப்படுத்தியதால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது.

இந்தத் தாளையே குண்டு போடும் உத்தரவு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பின்பக்கத்தை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். திருப்பி ஸ்டிம்சன் என்ன கேட்டிருக்கிறார் என்று பார்த்தால், வெளியிடச் சொன்னது செய்தி அறிக்கையை என்பது தெரிந்துவிடும்.

ஜூலை 25-ஆம் தேதி நாட்குறிப்பில் ட்ரூமன் எழுதியிருப்பது மனத்தை இன்னும் கலங்கவைக்கிறது. ராணுவ இலக்குகளையும் படைவீரர்களையுமே தாக்க வேண்டும், பெண்களையும் குழந்தைகளையும் அல்ல என்று ஸ்டிம்சனிடம் சொல்லிவிட்டதாக எழுதுகிறார். அதே தேதியிட்ட உத்தரவில் இருப்பவையோ நகரங்களின் பெயர்கள். தன் பெயரால் நடக்கவிருப்பது இன்னதென்று அவர் முழுதாக உணர்ந்திருந்தாரா? இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த எனக்கு, உணர்ந்திருந்தார் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்து, ஆகஸ்ட் மாதக் கடிதங்கள். ஹிரோஷிமாவுக்கு மறுநாள், ஆகஸ்ட் 7 அன்று, ஜார்ஜியா மாநில செனட்டர் ரிச்சர்ட் ரசல் தந்தி அடிக்கிறார்: ஜப்பான் மண்டியிடும்வரை அடிக்க வேண்டும், குண்டு மேலும் தேவை. ஆகஸ்ட் 9 அன்று, நாகசாகியில் குண்டு விழுந்த அதே நாளில், ட்ரூமன் அவருக்குப் பதில் எழுதுகிறார். ஜப்பான் கொடூரமாகப் போரிடும் நாடுதான், அதற்காக நாமும் அப்படியே நடக்க வேண்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை என்கிறார். தலைவர்களின் பிடிவாதத்துக்காக ஒரு மக்கள்கூட்டத்தையே அழிக்க நேர்வதற்கு வருந்துகிறார். அமெரிக்க உயிர்களைக் காப்பதே தன் நோக்கம், ஆனாலும் ஜப்பானியப் பெண்கள், குழந்தைகள் மீது தனக்கு இரக்கம் உண்டு என்று முடிக்கிறார்.

அதே 9-ஆம் தேதி தேவாலயக் கூட்டமைப்பின் பொதுச்செயலர் சாமுவேல் கேவர்ட்டிடமிருந்து இன்னொரு தந்தி வருகிறது. கிறிஸ்தவர்கள் பலர் கலங்கிப்போயிருக்கிறார்கள், இன்னொரு குண்டுக்கு முன் ஜப்பானுக்கு அவகாசம் கொடுங்கள் என்கிறது அது. ஆகஸ்ட் 11 அன்று ட்ரூமன் அனுப்பிய பதிலில் கடுமையே மேலோங்கியிருக்கிறது. பேர்ல் துறைமுகத் தாக்குதலையும் போர்க்கைதிகள் கொல்லப்பட்டதையும் நினைவூட்டிவிட்டு, மிருகத்தோடு மோதும்போது அதை மிருகமாகத்தான் நடத்த வேண்டியிருக்கிறது என்று எழுதுகிறார்.

இடையில் இரண்டே நாள். இன்னும் அடி என்றவரிடம் இரக்கம் பேசியவர், நிறுத்து என்றவரிடம் கடுமை காட்டினார். முதல் கடிதத்தை மட்டும் வைத்து மனச்சாட்சியுள்ள தலைவரைக் காட்டலாம், இரண்டாவதை மட்டும் வைத்து ஈரமற்ற தலைவரைக் காட்டலாம். இரண்டு வகைப் புத்தகங்களும் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிவது, எந்தப் பக்கம் இழுத்தாலும் எதிர்ப்பக்கம் காலை ஊன்றிக்கொள்ளும் மனிதர். வந்த தந்தியையும் போன பதிலையும் சேர்த்துப் படிக்காமல் அவரைப் பிடிக்கவே முடியாது. தாள்களின் வரிசையை மாற்றாதீர்கள் என்று ஆய்வறையில் அத்தனை கண்டிப்பாகச் சொல்வதன் நியாயம் இதுதான்.

அந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் ஆகஸ்ட் 10 இருக்கிறது. தலைமைப் பண்பு என்று எதையாவது தேடுகிறவர் நின்று பார்க்க வேண்டிய நாள் அதுவே என்பேன். அடுத்த குண்டு ஒரு வாரத்தில் தயாராகிவிடும் என்று அன்று தளபதி லெஸ்லி குரோவ்ஸ் எழுதிய குறிப்பின் அடியில், அதிபரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் அதை ஜப்பான்மீது போடக்கூடாது என்று ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷல் கைப்பட எழுதியிருக்கிறார். அன்றைய அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றி வணிகத்துறைச் செயலர் ஹென்றி வாலஸ் தன் நாட்குறிப்பில் எழுதியதும் இதோடு பொருந்துகிறது: இன்னுமொரு லட்சம் பேரை அழிப்பது நினைக்கவே பயங்கரம், அதிலும் அந்தக் குழந்தைகள் என்று சொல்லி ட்ரூமன் அணுகுண்டு வீச்சை நிறுத்தினார். ஜூலை 25 உத்தரவு அதுவரை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. குண்டின்மேல் அதிபரின் கை நேரடியாக விழுந்ததற்குக் காகிதத்தில் தெளிவான தடயம், அதை நிறுத்திய இடத்தில்தான் கிடைக்கிறது.

ஆனால் இதைச் சொல்லி அவர் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் முடிவு முழுக்கத் தன்னுடையது என்றும், அதற்காகத் தூக்கம் இழந்ததில்லை என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பேச்சு எப்படி உருவானது என்பதற்கும் இங்கே சான்று இருக்கிறது.

விமானப்படை வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்த சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் கேட், 1952 டிசம்பரில் ட்ரூமனுக்கு ஒரு நல்ல கேள்வி அனுப்பினார். இறுதி எச்சரிக்கையை ஜப்பான் நிராகரித்த பிறகே முடிவெடுத்ததாகச் சொல்கிறீர்கள், ராணுவ உத்தரவிலோ அதற்கு முந்தைய தேதியான ஜூலை 25 இருக்கிறதே, எப்படி? ட்ரூமன் தன் கையாலேயே பதிலுக்கு வரைவு எழுதினார். ஜப்பானில் தரையிறங்கினால் குறைந்தது இரண்டரை லட்சம் அமெரிக்கர்களாவது மாண்டோ காயமுற்றோ போவார்கள் என்று மார்ஷல் சொன்னதாக அதில் இருக்கிறது. வரைவைப் பார்த்த அலுவலர்கள், ஸ்டிம்சன் ஏற்கெனவே பத்து லட்சம் என்று எழுதி அச்சாகிவிட்டதே என்று கவலைப்பட்டார்கள். 1953 ஜனவரி 12 தேதியிட்டுத் தட்டச்சாகிப் போன கடிதத்தில், குறைந்தது இரண்டரை லட்சம், பத்து லட்சம் வரைகூடப் போகலாம் என்று இருக்கிறது. உத்தரவு ராணுவ ஏற்பாடுகளைத் தொடங்கிவைக்க மட்டுமே, இறுதி முடிவு போட்ஸ்டாமிலிருந்து திரும்பும்போது எடுத்தது என்ற விளக்கமும் அதில் இருக்கிறது. எட்டு நாள் கழித்து ட்ரூமன் பதவியிலிருந்து இறங்கினார். கடிதம் அதே ஆண்டு விமானப்படை வரலாற்றின் ஐந்தாம் தொகுதியில் அச்சானது. பத்து லட்சம் என்ற எண்ணுக்கு அதிபரின் முத்திரை கிடைத்துவிட்டது.

ட்ரூமன் பொய் சொன்னார் என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன். வரைவை அவர் கிழித்துப் போடவில்லை. அலுவலர்கள் திருத்தச் சொன்ன குறிப்பும் அழியவில்லை. அதிபரின் காகிதங்கள் அரசுக்கே சொந்தம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1978-இல். ட்ரூமன் காலத்தில் அவை அவருடைய சொந்த உடைமை. வேண்டாதவற்றை எரித்திருந்தால் கேட்பதற்கு ஆளில்லை. பெஸ் தான் எழுதிய கடிதங்களில் பெரும்பகுதியை எரித்தே விட்டார். அவருக்கு ட்ரூமன் எழுதிய ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவை மட்டும் முழுதாக இருக்கின்றன. தன்னைத் திருத்திக் காட்டும் சான்றுகளையும் சேர்த்தே ட்ரூமன் நாட்டிடம் ஒப்படைத்தார், அவை இருக்கும் கட்டடத்திலேயே பல ஆண்டுகள் அலுவலகம் வைத்து வேலையும் பார்த்தார்.

ஆய்வறை மூடியதும் அருங்காட்சியகப் பக்கம் வந்தேன். கொரியப் போரில் மகனை இழந்த கனெக்டிகட் தந்தை ஒருவர், மகனுக்குக் கிடைத்த பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தைத் திருப்பி அனுப்பி ட்ரூமனுக்கு எழுதிய கடிதம் இந்த நூலகத்துக்குச் சொந்தம். உங்கள் மகளும் கொரியாவில் இருந்து இதே கதிக்கு ஆளாகவில்லையே என்று வருந்தும் வரி அதில் உண்டு. ட்ரூமன் இறந்தபின் கடிதமும் பதக்கமும் இங்கிருந்த அவருடைய மேசை இழுப்பறையில் கிடைத்தன. வெள்ளை மாளிகைக்கு வந்த கடிதங்கள் லட்சக்கணக்கில் கோப்புகளுக்குப் போய்விட்டன. இதை மட்டும் அவர் கோப்புக்கு அனுப்பவில்லை.