தேர்ச் சிற்பம் பார்த்தாச்சு... அச்சைப் பார்த்தீர்களா?

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்களுக்கு காந்தி ரோடு தெரியாமல் இருக்காது. அங்கே தேரடிதான் அடையாளம். வழி கேட்டால் 'தேரடியிலிருந்து நாலாவது கடை' என்பது மாதிரிதான் பதில் வரும். வரதராஜப் பெருமாளின் மரத்தேர் நிற்கும் இடம் அது. கோயில் இருப்பதோ தள்ளி, சின்ன காஞ்சிபுரத்தில். வைகாசி பிரம்மோற்சவத்தின் 7-ம் நாள் காலையில் பெருமாள் இங்கே வந்து தேரேறி, ராஜ வீதிகளைச் சுற்றி வருகிறார்.

தேரைப் பார்க்கிறவர்கள் சிற்பங்களைப் பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள். அடுத்த முறை கொஞ்சம் குனிந்து அடிப்பகுதியையும் பாருங்கள். தேரின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நாம் பார்க்கும் உயரமான தேரில் நிரந்தரமானது கீழ்ப்பாதி மட்டுமே. அச்சு, அதன் மேல் பாரம் தாங்கும் உத்தரங்கள், அடுக்கடுக்காகச் சிற்பப் பலகைகள், சுவாமி அமரும் தேவாசனம். அதற்கு மேலே தெரிவதெல்லாம் கட்டைகளையும் மூங்கிலையும் கயிற்றால் கட்டி, தேர்ச்சீலை போர்த்திய அலங்காரம். விழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அதாவது, தேருக்கு உறுதியான கூரை கிடையாது.

மேற்கூரையை மடக்கும் பழைய கார் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், இந்தக் கஷ்டம் அவர்களுக்குப் புரியும். சாதாரண காரில் கூரையும் சேர்ந்துதான் உடம்பைப் பெட்டி மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால், பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது மொத்த வண்டியும் முறுக்கிக்கொள்ளும். வயதாக ஆக, கதவு சரியாகச் சாத்தாது. அதற்காக அடியில் பெருக்கல் குறி போல இரும்புச் சட்டம் பூட்டுவார்கள். வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். நாலு குச்சியைச் சதுரமாக ஆணியடித்துத் தள்ளினால் சாயும். மூலைக்கு மூலை ஒரு குச்சி வைத்து அடியுங்கள், அசையாது. காஞ்சி நெசவாளருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தறிக்கால் ஆடினால் நெசவு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

தேர் முறுக்கிக்கொள்வது வீதி முனையில். நேர்வீதியில் பாரம் சமமாக இறங்கும், கவலையில்லை. ஆனால், தேருக்கு ஸ்டீயரிங் இல்லையே! ஒரு பக்கச் சக்கரத்தில் முட்டுக்கட்டை போட்டு, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் திருப்ப வேண்டும். அந்தப் பக்கம் நிற்க, இந்தப் பக்கம் நகர, நடுவில் இருக்கும் மரச்சட்டம் அத்தனை பாரத்தோடும் நெளியும். கிறீச்சென்று கேட்கும் சத்தம் மூட்டுகளிலிருந்து வருவது. புது மரத்தில் அந்த நெகிழ்வு நல்லதுதான். வெயிலில் வருஷக்கணக்கில் காய்ந்து சுருங்கிய மரத்தில் மூட்டு தளர்ந்துவிடும்.

தளர்ந்தால் என்ன ஆகும்? 2022 ஜூனில் தர்மபுரி மாவட்டம் மாதேஅள்ளி காளியம்மன் கோயில் தேர், அச்சு முறிந்து சாய்ந்தது. 2 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் பழைய தேர்களுக்கு இரும்பு துணைக்கு வந்தது. திருச்சி பெல் நிறுவனம் தமிழகக் கோயில் தேர்கள் பலவற்றுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்துகொடுத்திருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. முனையில் திரும்பும்போது சக்கரத்துக்கடியில் மசகு தடவிய இரும்புத் தகடுகளும் போடுகிறார்கள். தகட்டில் சக்கரம் வழுக்கித் திரும்புவதால் மரத்துக்கு வரும் முறுக்கு குறைகிறது.

இரும்பு அச்சு போட்டதும் வேலை முடிந்துவிடாது. இரும்பு வளையாது, வாங்கிய அதிர்ச்சியை அப்படியே மேலே இருக்கும் மரத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே, உத்தரங்களைக் குறுக்குச் சட்டமும் போல்ட்டும் கொண்டு பிணைக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒரு சங்கடம்: போல்ட்டுக்கு ஓட்டை போடும் இடத்தில் பழைய மரம் பலவீனமாகும். இரும்புப் பட்டையைச் சிற்பத்தின் குறுக்கே அடித்திருந்தால் கண்ணையும் உறுத்தும். எனக்கும் உறுத்தும். ஆனாலும், உள்பக்கமாகப் பூட்ட வழியில்லை என்றால் பட்டை தெரிந்தாலும் பரவாயில்லை என்பேன். மேலே அர்ச்சகர்கள், கீழே கட்டை போடுகிறவர்கள்... எத்தனை பேர்!

தேரோட்டத்துக்கு முன்பு பொதுப்பணித் துறை பொறியாளர்கள் வந்து பார்த்து உறுதிச் சான்று கொடுப்பது வழக்கம். அன்றைக்கு வீதியில் மின்சாரத்தையும் நிறுத்துவார்கள்.

வைகாசியில் முடியாதவர்கள் பங்குனியில் போகலாம். ஏகாம்பரநாதர் தேர் அப்போது. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர்தான். விடியற்காலையிலேயே போய்விடுங்கள். குழந்தைகளைச் சக்கரத்துக்கும் வடத்துக்கும் பக்கத்தில் விடாதீர்கள். தேர் திரும்பும் முனையில், நல்ல தூரத்தில், கடைத் திண்ணை ஏதாவது கிடைத்தால் நின்றுகொள்ளுங்கள். சீலைக் குடை எப்படி ஆடுகிறது, அதற்குக் கீழே தேவாசனம் எவ்வளவு கொஞ்சமாக ஆடுகிறது என்று அங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.