எழுத்துப் பிழை யாருடையது?

எங்கட ஊர்களில் ஒரு பிள்ளை நடக்கவோ பேசவோ பிந்தினால், முதலில் விசாரணைக்கு வருவது உம்மாதான். "வயித்துப் புள்ளயோட கிரகணத்தில வெளிய போனாளாம்." "அன்னாசி திண்டாளாம்." "எந்த நேரமும் போன்தான், புள்ளயக் கவனிக்கல்ல." கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி இருந்துகொண்டே இந்த வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லி முடித்துவிடுவார்கள். வாப்பாவை யாரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்து நான் கண்டதில்லை.

இன்றைக்கு ஒரேயொரு ஜீனைப் பற்றி எழுதப் போகிறேன். கொஞ்சம் விஞ்ஞானம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓ.எல். படித்தவர்களுக்கு விளங்காத எதுவும் இதில் இல்லை.

அதன் பெயர் எம்.ஈ.சி.பி.2. எக்ஸ் நிறமூர்த்தத்தின் ஒரு முனைக்குக் கிட்ட இருக்கிறது. அது 500க்குச் சற்றுக் குறைந்த அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிறது. அந்தப் புரதத்தின் வேலை டி.என்.ஏ.யைப் பிடித்துக்கொள்வது.

எங்கள் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஏறத்தாழ 2 மீற்றர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத கருவுக்குள் அவ்வளவும் அடங்கவேண்டும். அதனால் தையல் மெஷினின் பொபினில் நூல் சுற்றுவதுபோல, ஹிஸ்டோன் என்ற புரதங்களில் அது சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இந்த நூலும் பொபினும் சேர்ந்த பொதிக்குத்தான் குரோமற்றின் என்று பெயர். ஆனால் எல்லா இடத்தையும் எல்லாக் கலமும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. சில இடங்களில் சைற்றோசின் என்ற எழுத்தின் தலையில் மெதைல் என்ற சின்ன அடையாளம் ஒன்று இருக்கும். பாடப் புத்தகத்தில் "இந்தப் பந்தியை இப்போது சத்தமாக வாசிக்க வேண்டாம்" என்று பென்சிலால் குறித்து வைப்பதுபோல. எம்.ஈ.சி.பி.2இன் புரதம் அந்தப் பென்சில் குறியைக் கண்டு அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறு புரதங்களையும் அழைத்து, அந்தப் பகுதியின் சத்தத்தைக் குறைக்கும். வளர்ந்த நரம்புக் கலங்களில் இந்தப் புரதம் கொட்டிக் கிடக்கிறது. கிட்டத்தட்ட ஒவ்வொரு பொபினுக்கும் ஒன்று என்ற அளவில்.

1992இல் இந்தப் புரதத்தை அறிமுகப்படுத்தியவர்கள் ஏட்ரியன் பேர்ட் என்ற பிரித்தானிய விஞ்ஞானியின் குழுவினர். அப்போது அவர்கள் மனதில் எந்த நோயும் இருக்கவில்லை. மெதைல் குறியை வாசிப்பது யார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

இனி வியன்னாவுக்குப் போவோம். 1954. அந்திரியாஸ் ரெட் என்ற சிறுவர் வைத்தியரின் கிளினிக்கில், காத்திருக்கும் இடத்தில், இரண்டு பெண் பிள்ளைகள் தத்தம் தாய்மாரின் மடியில் இருந்தார்கள். இருவரும் ஒரே மாதிரி, கை கழுவுவதுபோல, ஓயாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அதுவரை வைத்தியர் அவர்களைத் தனித்தனியாகத்தான் பார்த்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோதுதான் கண்ணில் பட்டது. (எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வகுப்பிலும் அப்படித்தான், ஒரு பிள்ளையை விளங்க இன்னொரு பிள்ளை தேவைப்படும்.) அவர் தேடிப் பார்த்து, 1966இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1983இல் சுவீடன் நாட்டு வைத்தியர் ஹாக்பேர்க் வேறு சிலரோடு சேர்ந்து 35 பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ரெட் சிண்ட்ரோம் என்ற பெயரும் அப்போதுதான் நிலைத்தது.

ஏறத்தாழ பத்தாயிரம் பெண் பிள்ளைகளில் ஒருவருக்கு இது வருகிறது. இதில் மிகக் கொடுமையானது அதன் ஒழுங்கு. பிள்ளை பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. சிரிக்கும், இருக்கும், சாமானைப் பிடிக்கும், ஒன்றிரண்டு சொல்லும் சொல்லும். பிறகு, ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் வளர்ச்சி தயங்கி நிற்கும். அதன் பின் பழகியது ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். பேச்சு போகும். கரண்டி பிடித்த கை கரண்டியை மறக்கும். கைகள் மட்டும் பிசைந்துகொண்டே இருக்கும். வலிப்பும் மூச்சுச் சிக்கலும் பலருக்கு வரும். நேற்று வரை "உம்மா" என்று கூப்பிட்ட பிள்ளை இன்று கூப்பிடாவிட்டால், இடையில் உம்மா ஏதோ செய்திருக்கிறாள் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றுவதும் இதனால்தான்.

இதே 1983இல் அமெரிக்காவின் ஹியூஸ்டனில் ஹுதா சோக்பி என்ற இளம் வைத்தியர் இப்படியொரு பிள்ளையைக் கண்டார். அவர் பெய்ரூட்டில் பிறந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போது லெபனான் யுத்தம் வந்து, 1976இல் நாட்டை விட்டு வெளியேறி, மிச்சப் படிப்பை அமெரிக்காவில் முடித்தவர். யுத்தத்தால் பள்ளிக்கூடம் மாறியவர்கள் எங்களுக்குள்ளும் எத்தனை பேர்! அவர் இந்த நோயின் ஜீனைத் தேடினார். பிரச்சினை என்னவென்றால், ஒரு குடும்பத்தில் இரண்டு பேருக்கு இது இருப்பது மிக மிக அரிது. பரம்பரையாகத் தொடராத ஒன்றைப் பரம்பரையில் எங்கே போய்த் தேடுவது? பதினாறு வருடங்கள் எடுத்தது. 1999இல் அவருடைய ஆய்வுகூடத்தில் ருத்தி அமீர் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அது பேர்ட்டின் அதே பென்சில் குறி வாசகன், எம்.ஈ.சி.பி.2.

இப்போது உம்மாவின் வழக்குக்கு வருகிறேன்.

இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோரிடமும் அந்த ஜீனில் உள்ள மாற்றம் புதிதாக வந்தது. உம்மாவின் இரத்தத்திலும் இல்லை, வாப்பாவின் இரத்தத்திலும் இல்லை. அப்படியானால் எங்கே உண்டானது? 2001இல் இதைத் தேடிப் பார்த்தவர்கள் கண்டது, மிகப் பெரும்பாலும் வாப்பாவின் விந்துக் கலம் உருவாகும்போது. ஆணின் உடலில் அந்தக் கலங்கள் வாழ்நாள் முழுக்கப் பிரதி எடுக்கப்பட்டுக்கொண்டே இருப்பவை. கொப்பி எழுதும்போது எப்போதாவது ஒரு எழுத்து மாறும். அதுவும் எந்த எழுத்து? மெதைல் குறி விழுந்த சைற்றோசின்தான் இலகுவில் தைமினாக மாறக்கூடியது. இந்தப் புரதம் எந்தக் குறியை வாசிக்கிறதோ, அதே குறி அதன் சொந்த ஜீனில் விழுந்திருக்கும் இடங்களில்தான் பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாப்பா தன் எக்ஸ் நிறமூர்த்தத்தை மகளுக்குத்தான் கொடுப்பார், மகனுக்கு வையைக் கொடுப்பார். நோய் பெண் பிள்ளைகளிடமே அதிகம் காணப்படுவதற்கு இது பெரிய காரணம். தரம் 11 பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் போடும் அதே பெட்டிக் கணக்கு.

போன வருடம் ஒரு சகோதரி மகளின் ரிப்போர்ட்டோடு வீட்டுக்கு வந்தார். இந்தியாவுக்கு இரத்தம் அனுப்பி எடுத்தது. "டீச்சர், இந்த எழுத்தெல்லாம் என்ன?" மாமியும் கூட வந்திருந்தார். மேலே எழுதியதை முடிந்தளவு சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எங்கட மகன்ட பக்கமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த பயத்தை இப்போதும் நினைக்கிறேன். நாலு வருடமாக மருமகளிடம் கேட்ட கேள்வி ஒரு நிமிடத்தில் சொந்த வயிற்றைத் தொட்டுவிட்டது. அந்த மகனைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை, விஞ்ஞானமும் அப்படிச் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டதாலோ போன இடத்தாலோ அந்த எழுத்து மாறவில்லை. கோடிக்கணக்கான கலங்களில் ஒன்றில், யாருக்கும் தெரியாமல் மாறியது. சகோதரி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ரிப்போர்ட்டை நான்காக மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டார். அதுவரை மேசையில் திறந்தபடி கிடந்தது.

மருந்து இருக்கிறதா என்று கேட்டார்கள். குணமாக்கும் மருந்து இல்லை. 2023 மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் ட்ரோஃபினடைட் என்ற ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது, இந்த நோய்க்கென்றே வந்த முதல் மருந்து. சில அறிகுறிகளைக் குறைக்கலாம், வயிற்றோட்டம் அதிகம் வரும். அதைவிடப் பெரிய செய்தி 2007இல் வந்தது. பேர்ட்டின் குழு எலிகளில் இந்த ஜீனை அடைத்து வைத்து, நோய் முற்றிய பிறகு திறந்துவிட்டது. எலிகள் திரும்ப நடந்தன, மூச்சு சீரானது. அதாவது நரம்புக் கலங்கள் செத்துப்போகவில்லை, காத்துக்கொண்டிருக்கின்றன. மனிதருக்கு அதைச் செய்வது இலகுவல்ல. புரதம் குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய். இந்த ஜீன் இரட்டித்துப் போன ஆண் பிள்ளைகளுக்கு வேறொரு கடுமையான நோய் வருகிறது. ஜீன் சிகிச்சைப் பரிசோதனைகள் மனிதர்களில் நடக்கின்றன. அளவுதான் அவர்களுடைய தலையிடி.

கலாசாலையில் விசேட தேவையுடைய பிள்ளைகள் பற்றி நாங்கள் படித்தது சில மணித்தியாலங்கள்தான். இந்தப் பெயர் அதில் வரவில்லை. ஆனால் ஒரு விசயத்தை ஆசிரியர்கள் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குக் கையும் வாயும் கேட்காவிட்டாலும் கண் கேட்கும். முகத்தை நேராகப் பார்ப்பார்கள், வேண்டியதைப் பார்வையால் காட்டுவார்கள். வெளிநாடுகளில் கண் அசைவை வாசிக்கும் கணினிகள் கொடுக்கிறார்கள். அந்தச் சகோதரியிடம் இரண்டு மட்டைத் துண்டு போதும் என்றேன். ஒன்றில் பால் கோப்பை, ஒன்றில் ஊஞ்சல். பதில் உடனே வராது, அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ, நன்றாக இருந்த ஒரு பெண் பிள்ளை பழகிய சொற்களை விட்டு, கைகளைப் பிசையத் தொடங்கினால், போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு சிறுவர் நரம்பியல் வைத்தியரிடம் போங்கள். கிளினிக்கில் அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அதைச் செய்யாமலும் இருக்கலாம்.