முதலில் தெரிந்தவள்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த காலத்தில், மாசமாக இருக்கும் பெண்களிடம் வயது, படிப்பு, வேலை எல்லாம் கேட்டு எழுதுவோம். கிருமி இருப்பதாகத் தெரிந்தவர்களில் பலருக்கு 19, 20 வயது. பத்தாம் வகுப்பைத் தாண்டாத படிப்பு. வேலை என்ற இடத்தில் ‘வீட்டில்’. இளவயதும் படிப்பின்மையும்தான் காரணம் என்று தோன்றும். அது பாதிதான். மீதி, கணவரின் வேலையைக் கேட்கும்போது தெரியும்: லாரி டிரைவர், கிளீனர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தது பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தில். உடனே அது ‘அந்த மாதிரி’ பெண்களின் நோய் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆனால் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்களே என் முன்னால் அதிகம் வந்து உட்கார்ந்தார்கள். வசதியான வீட்டுப் பெண்களும் அதில் இருந்தார்கள். அதிலும் கையில் காசில்லாதவள், படிப்பு இல்லாதவள், மாதக்கணக்கில் வடக்கே இருந்துவிட்டு வரும் புருஷனிடம் ஆணுறை போடு என்று எப்படிச் சொல்வாள்?

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் பையனுக்குச் சொந்த வண்டி உண்டா என்று விசாரிப்பார்கள். உடம்பைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஜாதகம் பார்க்கும்போதே இரண்டு பேருக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள், அரசு ஆஸ்பத்திரியில் காசே கிடையாது என்று நான் சொல்வதுண்டு. “எங்க பையன் மேல சந்தேகமா?” என்று முறைத்தவர்கள் உண்டு. சொன்னதற்காகச் சில வீட்டில் எனக்குப் பத்திரிகையும் வைக்கவில்லை, போகட்டும்.

ஆணைப் பரிசோதிக்க வேளை ஏதும் வருவதில்லை. பெண்ணுக்கோ முதல் செக்கப்பிலேயே ரத்தம் எடுத்துவிடுவார்கள். ஆகவே முதலில் தெரிவது அவளுக்கு. முதலில் தெரிந்ததாலேயே கொண்டுவந்தவளும் அவள்தான் என்று மாமியார் வீட்டில் தீர்ப்பாகிவிடும். நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, கணவர் மூலம் தொற்று வந்ததை வெளிப்படையாகச் சொல்லி, 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே சங்கம் தொடங்கியபோது அது எத்தனை பெரிய துணிச்சல் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

காலம் மாறியிருக்கிறது. தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கர்ப்பிணிகளிடம் 2000க்கும் 2004க்கும் இடையிலேயே தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. மருந்தே இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் 5க்கும் கீழே. 2014 முதல் தொற்றுள்ள கர்ப்பிணி என்றாலே ஆயுள் முழுக்கக் கூட்டு மருந்து கிடைக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிடுவதில்தான் சிக்கல். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவாள். தொற்று இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. இரும்புச்சத்து மாத்திரைக் கவரில் இந்த மருந்தையும் போட்டு வைத்துக்கொண்டு, அம்மா அடுப்படியில் இருக்கும்போது விழுங்கியதாக ஒரு பெண் சொன்னாள். தாய்வீட்டுக்குப் பக்கத்து மையத்துக்கு நாங்கள் கடிதம் எழுதிக் கொடுப்போம். அதையும் ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போவாள்.

குழந்தைக்கு 18ஆம் மாதம் கடைசிப் பரிசோதனை. அதுவரைக்கும் தன் ரத்தத்தைக் காட்டாத அப்பாக்கள் உண்டு. எங்கே அவர் என்று கேட்டால், “லோடு ஏத்திட்டுப் போயிருக்காருங்க” என்று அவரை விட்டுக்கொடுக்காமல் அவளேதான் பேசுவாள்.