கடைமடைக்கு எட்டும் ஒலி

காவிரியின் கடைமடையில் வாழ்வோர்க்கு எவரும் கற்பிக்காமலே தெரிந்த உண்மை ஒன்று உண்டு. மேட்டூர் அணை திறக்கப்பட்டது என்ற செய்தி வந்த அளவிலேயே வயல் நனைந்துவிடுவதில்லை. இடையில் உள்ள வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், தலைமடையில் நீர் கரைபுரண்டு ஓடினாலும் கடைமடையில் நிலம் வெடித்தே கிடக்கும். அரசலாறும் வாஞ்சியாறும் நூலாறும் நாட்டாறும் பாயும் காரைக்கால் பகுதி இதனை நன்கு அறியும். காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு வழங்கிய இறுதித் தீர்ப்பில் புதுவைக்கென 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது. ஒதுக்கீடு ஏட்டில் இருந்தாலும், "எங்கள் மதகுக்கு எப்போது வரும்?" என்பதே கடைமடை உழவரின் கேள்வியாக இருந்து வருகிறது.

ஒலியின் நிலையும் இத்தகையதே. கோட்டுச்சேரியில் உள்ள எங்கள் இல்லத்துக்குப் புதிய ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்பட்டபோது இது எங்களுக்கு விளங்கிற்று.

அருள்வாழ்வு பேசும் இதழில் மின்கருவியைப் பற்றிய பேச்சு எதற்கு என வாசகர் வினவலாம். கருவிகளைக் கண்டு திருச்சபை என்றும் ஒதுங்கி நின்றதில்லை. மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12 அன்று தொடங்கி வைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை வெளியிட்டது. ஒலி, ஒளி பரப்புவோர்க்கு மட்டுமன்றி, அவற்றை ஏற்றுக்கொள்ளும் மக்களுக்கும் கடமைகள் உண்டு என அந்த ஆணை கூறுகிறது. ரிசீவர் என்னும் சொல்லின் பொருளும் ஏற்பது என்பதுதானே! ஓர் இல்லம் எதை ஏற்கிறது, யாருக்காக ஏற்கிறது என்பது விசுவாச வாழ்வுக்குப் புறம்பான கேள்வி ஆகாது.

* * *

காரைக்காலில் பிரஞ்சுப் படையிலும் அரசுப் பணியிலும் இருந்தவர்களின் குடும்பங்கள் பல. 'சொல்தா' வீடுகள் என்று மக்கள் அவற்றைச் சொல்வதுண்டு. அத்தகைய உறவுகளின் வழியே பிரான்சிலிருந்து பெட்டியில் வந்து இறங்கியதுதான் எங்கள் பழைய ரிசீவர். அங்கும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்சு என்பதால் பிளக்கை மட்டும் மாற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயன்படுத்தினோம். கடற்காற்றின் உப்பு அதன் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பாகப் படிந்தது. முதலில் அவ்வப்போது கரகரத்தது. பின்னர், நடு ஒலிபெருக்கிக்குச் செல்லும் சானல் முற்றிலும் அடங்கிப்போயிற்று.

அது அடங்கியதன் விளைவை அறிய, இக்கருவி செய்யும் வேலையைச் சற்று விளக்க வேண்டும். தொலைக்காட்சி, குறுந்தட்டுக் கருவி போன்றவற்றிலிருந்து வரும் ஒலியை ஏற்று, பிரித்து, பெருக்கி, ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் உரியதை அனுப்புவதே ரிசீவரின் பணி. 5.1 என்று சொல்லப்படும் அமைப்பில் முன்புறம் இடம், நடு, வலம் என மூன்றும், பக்கங்களில் இரண்டும், ஆழ்ந்த அதிர்வொலிக்கான சப்வூஃபர் ஒன்றும் இருக்கும். இசையும் இடியும் மழையும் பல திசைகளிலிருந்து வரும். மனிதர் பேசும் பேச்சோ பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியின் வழியே வரும். சானல் என்பதை வாய்க்கால் என்று தமிழில் சொன்னால் பொருள் துலங்கும். பேச்சு வரும் வாய்க்கால் அடைபட்டிருந்தது.

எங்களுக்கு அது ஒரு குறை. எங்கள் அன்னைக்கோ அது ஒரு பிரிவு. அவருக்கு வயது எண்பத்திரண்டு. மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியை, இரைச்சலுக்கு நடுவே சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்டுப் பழகியவர் அவர். 2018-இல் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்று, பணி இணையத்துக்கு மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில் அவருடைய செவியும் தளரத் தொடங்கியது. மாலையில் அனைவரும் கூடத்தில் அமர்ந்து படம் பார்க்கையில், எல்லாரும் சிரிக்கும்போது தாமும் சிரிப்பார். எதற்குச் சிரித்தார் என்று பேரப்பிள்ளை கேட்டால் கண்களைத் தாழ்த்திக்கொள்வார். நாளடைவில், "நீங்க பாருங்கப்பா, நான் ஜெபமாலை சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று பின்கட்டுக்குச் சென்றுவிடுவது வழக்கமாயிற்று.

* * *

புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் தேர்வு செய்யும் முறையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். குறிக்கோளை முதலில் கண்முன் நிறுத்தி, அதற்கேற்ற வழியைப் பின்னர் தேட வேண்டும் என்பது அவர் காட்டும் ஒழுங்கு. வழியை முதலில் விரும்பிவிட்டுக் குறிக்கோளை அதற்கு ஏற்ப வளைப்பது தலைகீழ் முறை என அவர் எச்சரிக்கிறார். வாழ்க்கை நிலையைத் தேர்வதற்காக அவர் சொன்னதை மின்கருவிக்குப் பொருத்துவது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் பெரும் செலவு எதற்கும் அது பொருந்தும் என்றே கருதுகிறோம்.

எங்கள் இல்லத்தில் வழிகள் பல முன்வைக்கப்பட்டன. கல்லூரியில் பயிலும் மகன் அட்மாஸ் வேண்டும் என்றான். அவன் ஆவல் இயல்பானது. தமிழ்த் திரையின் ஒலி வரலாறு பெருமைக்குரியதன்றோ! 1995-இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வெளிவந்தது. 2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணப் படமாக மீண்டும் வந்தபோது டால்பி அட்மாஸ் ஒலியைப் பெற்றது. அந்த நுட்பம் 2014-இல் வீடுகளுக்கும் வந்துசேர்ந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் வண்ணம் கூரையில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தும் முறை அது. பிரான்சில் உள்ள உறவினரோ, ஒன்பது சானல் கருவி ஒன்றை வரும்போது கொண்டுவருவதாக அன்புடன் கூறினர். வெளிநாட்டில் வாங்கும் கருவியின் உத்தரவாதம் பெரும்பாலும் அந்நாட்டிலேயே செல்லும் என்பதால் அந்த அன்பை நன்றியுடன் மறுத்தோம்.

கடைகளிலோ முதலில் காட்டப்படுவது வாட்டு எண். அதைப் பற்றி அறிந்துகொள்வது நன்று. ஆற்றல் இரு மடங்கானால் ஒலியளவு 3 டெசிபல் மட்டுமே உயரும். செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் உயர வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்கு தேவை. ஆகவே 80 வாட்டுக் கருவிக்கும் 100 வாட்டுக் கருவிக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபல் அளவே. அந்த எண்ணும் எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஒரே சானலை இயக்கி, 10 விழுக்காடு சிதைவை அனுமதித்து அளந்தால் எண் பெரிதாகத் தெரியும். இரண்டு சானல்களை ஒருங்கே இயக்கி, 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை, மிகக் குறைந்த சிதைவுடன் அளந்தால் அதே கருவியின் எண் சிறுத்துவிடும். விளம்பர அட்டையில் இருப்பது எந்த எண் என்று கேட்பவர் சிலரே.

இதற்கும் மேலாக, ஒலியைக் கூட்டுவது அன்னைக்கு உதவவில்லை என்பதைச் செவி மருத்துவர் விளக்கினார். முதுமையில் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்துள்ளன. சகரம், தகரம், பகரம் போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் கூறுகள் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. எனவே பேசுவது காதில் விழும். பேசியது என்னவென்று தெரியாது. "கேக்குது, ஆனா புரியல" என்று முதியோர் சொல்வது அதனால்தான். உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 43 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கேள்விக் குறைபாட்டுக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். நம் பங்குகளிலும் இல்லங்களிலும் அவர்கள் இருக்கின்றனர். கேட்டால் எரிச்சல் அடைவோமோ என்று அஞ்சி, கேட்காமலே இருந்துவிடுகின்றனர்.

இவ்வளவும் அறிந்த பின் குறிக்கோள் தெளிந்தது. பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். அதுவும் கடைசி இருக்கை வரை கேட்க வேண்டும். அக்குறிக்கோளின்முன் ஒன்பது சானல் தேவைப்படவில்லை. ஐந்து சானல் கொண்ட எளிய ரிசீவர் போதும் என முடிவு செய்தோம். தொலைக்காட்சியிலிருந்து ஒரே கம்பி வழியே ஒலியைத் திரும்பப் பெறும் இ-ஆர்க் வசதி, பேச்சொலியை மட்டும் தனியே உயர்த்தும் வசதி, இரவில் வெடியோசையைத் தணித்து மெல்லொலியை உயர்த்தும் வசதி ஆகிய மூன்றையும் கட்டாயம் என்று குறித்துக்கொண்டோம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல இரண்டு சானல் ஒலியிலேயே வருகின்றன. அவற்றிலிருந்தும் பேச்சைப் பிரித்து நடு ஒலிபெருக்கிக்கு அனுப்பும் ஆற்றல் இத்தகைய எளிய கருவிக்கும் உண்டு. மிஞ்சிய தொகையில் ஒரு பகுதி நல்ல நடு ஒலிபெருக்கிக்கும், மறுபகுதி அன்னையின் செவிக்கருவிக்கும் சென்றது. மகன் சில நாள் முகம் வாடியிருந்தான். பின்னர் கம்பிகளை இழுத்து இணைத்தவனும் அவனே.

பழைய கருவியைத் தூக்கி எறியவில்லை. இடமும் வலமும் ஆகிய இரு சானல்களும் அதில் நலமாக இருந்தன. களிம்பைத் துடைத்து, பாடல் கேட்க மாடியறையில் வைத்தோம். எறிந்துவிடும் பண்பாட்டைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிசு 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் வருந்தி எழுதினார். ஓர் உறுப்பு பழுதானதால் முழுவதும் பயனற்றதாகிவிடாது என்பது கருவிகளுக்கும் பொருந்தும், முதியோர்க்கும் பொருந்தும்.

* * *

கூடத்தையும் சீர்செய்ய வேண்டியிருந்தது. ஓடு பதித்த தரை, காங்கிரீட் கூரை, பூச்சுச் சுவர் ஆகியவை ஒலியைத் திருப்பி எறிகின்றன. சொல்லின் மேல் சொல் விழுந்து மங்குகிறது. செவிக்கருவி அந்த எதிரொலியையும் சேர்த்தே பெருக்கும். கனத்த திரைச்சீலையும் தரையில் சமுக்காளமும் சுவரோரம் புத்தக அடுக்கும் வைத்த பின் கூடம் அமைதியுற்றது. தூர்வாருதல் என்பது இதுவே.

இறுதியில் ஒரு சிறு செயல் எஞ்சியது. இக்காலத்து ரிசீவர்களுடன் அளவெடுக்கும் ஒலிவாங்கி ஒன்று வரும். டெனான் கருவிகளில் ஆடிசி என்றும், யமஹா கருவிகளில் ஒய்.பி.ஏ.ஓ. என்றும் அம்முறைக்குப் பெயர். ஒலிவாங்கியை இருக்கையில் வைத்தால், கருவி ஒவ்வோர் ஒலிபெருக்கியிலிருந்தும் ஓசை எழுப்பி, தொலைவையும் அளவையும் தானே கணித்துச் சரிசெய்துகொள்ளும். முதலில் வைக்கும் இடமே பெரும்பாலும் தலைமை இருக்கையாகக் கொள்ளப்படும். அங்கே ஒலி சீராக அமையும். பிற இருக்கைகளில் சிறிது கூடவோ குறையவோ செய்யும்.

அன்னையின் பிரம்பு நாற்காலி பக்கவாட்டுக் கதவருகே, காற்று வரும் ஓரத்தில் இருந்தது. "சோபா நடுவுல இருக்குப்பா. அங்க வெச்சாதான் எல்லாருக்கும் சரியா வரும். பாட்டி ஒருத்தங்க ஓரமா இருக்காங்க" என்றான் மகன். நூலின்படி அவன் சொன்னது சரியே. நால்வர் அமரும் இடத்தை விட்டு ஒருவர் அமரும் இடத்தை முதலிடமாகக் கொள்வது கணக்குக்கு ஒத்துவராது. ஆயினும் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயரை நாம் வணங்குகிறோம். அவர் கணக்கும் இத்தகையதே. பிரம்பு நாற்காலியில், அன்னையின் செவி இருக்கும் உயரத்தில், முதல் அளவு எடுக்கப்பட்டது.

மறுநாள் மாதா தொலைக்காட்சியில் திருப்பலி ஒளிபரப்பாயிற்று. அன்னை பின்கட்டுக்குச் செல்லவில்லை. முதல் வாசகம் முடிந்ததும் பதிலுரையை உரிய நேரத்தில் வாய்விட்டுச் சொன்னார். எல்லாச் சொல்லும் கேட்டது என்று கூற இயலாது, மறையுரையின் நடுவே இரண்டு முறை, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதே எங்களுக்கு மகிழ்வளித்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் நம்பிக்கை அவரிடம் திரும்பியிருந்தது. சோபாவில் அமர்ந்திருந்த எங்களுக்குப் பக்கத்து ஒலி சற்றுக் குறைவாகவே வருகிறது. பழகிக்கொண்டோம்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் காது கேளாதவர் ஒருவரை ஆண்டவரிடம் கொண்டுவருகின்றனர். ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்று, தம் விரல்களை அவர் காதுகளில் இட்டார் என நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். குரலை உயர்த்தியிருந்தால் அந்த மனிதருக்கு என்ன பயன் விளைந்திருக்கும்? அவர் இருந்த இடத்துக்கு ஆண்டவர் நெருங்கி வந்தார். திருமுழுக்குச் சடங்கில் குழந்தையின் செவியைத் தொட்டு வேண்டும் 'எப்பத்தா' செபம் அந்நிகழ்வின் நினைவே. 2022-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்திக்கு, இதயத்தின் செவியால் கேட்டல் என்பதையே திருத்தந்தை பிரான்சிசு கருப்பொருளாகக் கொண்டார்.

திருவிழாக் காலங்களிலும் திருமண நாள்களிலும் புதிய ஒலிக்கருவிகளை வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. வாங்குவதில் தவறில்லை, நல்ல இசையும் இறைவன் தந்த கொடையே. கருவியைக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்ததும், அளவெடுக்கும் ஒலிவாங்கியை யாருடைய இருக்கையில் முதலில் வைப்பது என்று மட்டும் ஒருமுறை கூடிப் பேசுங்கள். சிரிப்பொலி எழும்போது உடன் சிரித்துவிட்டுப் பின்கட்டுக்கு எழுந்து செல்பவர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம்.